வெளிமூச்சை நீட்டிப் பழகும் முறை

நெஞ்சு படபடக்கும்போது “நல்லா மூச்சை இழு பிள்ளை” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். ஆனால் பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே வேகமாகத்தான் மூச்சு வாங்குகிறார். அவர் மேலும் காற்றை இழுத்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து தலை சுற்றும், விரல் நுனிகள் விறைக்கும், பயமும் கூடும். பழக வேண்டியது மூச்சை மெதுவாக விடுவதையே. வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகசு நரம்பு இதயத் துடிப்பைச் சற்றுத் தணிக்கிறது. மணிக்கட்டில் நாடி பிடித்தபடி மூச்சு விட்டால் சிலர் இதைத் தாமே உணரலாம்.

முதலில், வெயில் ஏறுமுன் விறாந்தையில் ஒரு கதிரையில் அமர்ந்து, இரு பாதங்களையும் நிலத்தில் பதித்து, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். தோள் உயராமல் வயிறு மெல்ல எழுவதே சரியான மூச்சு.

அடுத்து, மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஓர் எண்ணுக்கு ஒரு விநாடி என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சுகள் வரும். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு இது வழமையாக 12 முதல் 20 வரை இருக்கும். ஆறு கடினமாயின் மூன்றுக்கு நான்கு போதும். வாயால் விடுவதாயின், பனங்கட்டியோடு குடிக்கும் சுடு தேநீரை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து, ஆனால் அதைவிட மென்மையாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதுமானது. தலை சுற்றினால் எண்ணுவதை நிறுத்தி இயல்பாக மூச்சு விடுங்கள்.

கண்களை மூடியே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவோருடன் எனக்கு உடன்பாடில்லை. இலங்கையில் போர் 2009இல் முடிந்த பின்னும், திருவிழா வெடிச் சத்தத்துக்கே உடல் திடுக்கிடுகிறவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். கண்ணை மூடியதும் பழைய காட்சிகள் எழுமாயின், முற்றத்து வேம்பைப் பார்த்தபடியே பழகலாம்.

மூச்சை அடக்கும் கும்பகத்தைத் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். முட்டு வருத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரிடம் கேட்ட பின்னரே எதையும் தொடங்க வேண்டும்.

அமைதியான நாட்களிலேயே பழகினால்தான் உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் அது கைகொடுக்கும். நித்திரையின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மூச்சுப்பயிற்சியை மட்டும் நம்பியிராமல் மனநல வைத்தியரை நாடுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.