செக் நாட்டுக் கிளைப்பாதை ஒன்றை மேசைமேல் ஓட்டுவது எப்படி?

மாதிரி ரயில் என்றதும் பலர் ஜெர்மன் எக்ஸ்பிரஸ் வண்டிகளைத்தான் முதலில் தேடுகிறார்கள். அவற்றின் நீளமான பெட்டிகளுக்கு அகலமான வளைவு வேண்டும், அதற்குப் பெரிய அறையும் வேண்டும். என்னைக் கேட்டால் செக் நாட்டின் கிளைப்பாதையில் தொடங்குங்கள் என்பேன். அங்கே ஓடிய 810 வகை மோட்டார் ரயில் (தனி எஞ்சின் இல்லாமல் தானே ஓடும் டீசல் பெட்டி) ஒரே பெட்டி, இரண்டே அச்சு, நீளம் சுமார் 14 மீட்டர். ஒரு புத்தக அலமாரித் தட்டு அகலத்துக்குள் அதன் உலகம் முழுவதும் அடங்கிவிடும்.

படி 1: அளவைத் தேர்ந்தெடுங்கள்

உலகம் முழுக்க அதிகம் விற்பது ஹெச்ஓ, அதாவது 1:87. செக் நாட்டில் அதற்குச் சமமான செல்வாக்கு டிடி (TT) அளவுக்கு உண்டு: 1:120, தண்டவாள இடைவெளி 12 மி.மீ. பழைய கிழக்கு பெர்லினில் தயாரான டிடி ரயில்கள் சோஷலிச நாடுகள் எங்கும் கடைகளுக்குப் போயின. அந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் இன்று கடை வைத்திருக்கிறார்கள், சங்கம் நடத்துகிறார்கள். அந்தத் தொழிற்சாலையின் வாரிசான டில்லிக் நிறுவனம் செக் எல்லையை ஒட்டிய ஜெர்மன் ஊரான ஸெப்னிட்ஸில் இருக்கிறது. தண்டவாளம், பாயின்ட் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் துண்டு) எல்லாம் அவர்களிடமே கிடைக்கும். எம்டிபி போன்ற செக் நிறுவனங்கள் உள்ளூர் எஞ்சின்களையும் மோட்டார் ரயில்களையும் டிடியில் செய்கின்றன. இடம் குறைவு என்றால் யோசிக்காமல் டிடி.

படி 2: காலத்தை முடிவு செய்யுங்கள், எண்ணைப் படியுங்கள்

செக்கோஸ்லோவாக் அரசு ரயில்வே 1992 இறுதி வரை இருந்தது. 1993 ஜனவரி 1 முதல் செக், ஸ்லோவாக் என இரண்டு ரயில்வேக்கள். வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் முத்திரை இதற்கேற்ப மாறும். நிலையத்தில் நிற்கும் கார்கள்கூட மாற வேண்டும். 1980களைத் தேர்ந்தெடுத்தால் டீசலும் மோட்டார் ரயிலும் கையில் எடுக்கலாம். நீராவி அநேகமாக முடிந்துபோன காலம். நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

கடைக்குப் போவதற்கு முன் கற்க வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. 1988க்கு முந்தைய செக்கோஸ்லோவாக் எண்முறைக்கு அதை உருவாக்கிய பொறியாளர் கிரிஷ்பீனின் பெயர். அதில் எண்ணைப் பார்த்தாலே எஞ்சினின் ஜாதகம் தெரிந்துவிடும். முதல் இலக்கம், இயக்கப்படும் அச்சுகளின் எண்ணிக்கை. இரண்டாவதோடு 3 கூட்டிப் பத்தால் பெருக்கினால் உச்ச வேகம். மூன்றாவதோடு 10 கூட்டினால் ஓர் அச்சின்மேல் விழும் எடை, டன்னில்.

477 என்ற நீராவி எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு அச்சு, மணிக்கு 100 கி.மீ., 17 டன். 810-இன் பழைய பெயர் எம் 152.0. ஓர் அச்சு மட்டும் இயங்கும், 80 கி.மீ., 12 டன். கிளைப்பாதைச் சரக்கு எஞ்சினான டி 466.2-ஐ நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு அச்சு, 90 கி.மீ., 16 டன். முன்னால் உள்ள டி (T) டீசலையும் எம் (M) மோட்டார் ரயிலையும் குறிக்கும். இது தெரிந்தால், பெட்டியில் எழுதியிருப்பதை வைத்தே அந்த வண்டி உங்கள் கிளைப்பாதைக்குப் பொருந்துமா என்று சொல்லிவிடலாம். 498 போன்ற 120 கி.மீ. அழகியைச் சிற்றூர் நிலையத்தில் நிறுத்தினால், விவரம் தெரிந்தவர் சிரிப்பார்.

செக்காரர்கள் எஞ்சின்களை எண்ணைவிடச் செல்லப்பெயரில்தான் அழைப்பார்கள். டி 466.2 'கடுவன் பூனை', டி 478.3 'கண்ணாடிக்காரர்', நீலமும் சிவப்புமான அந்த 477 'கிளி'. கடைக்காரரிடம் செல்லப்பெயரைச் சொல்லிக் கேட்டால் பேச்சு சட்டென்று சூடுபிடிக்கும்.

படி 3: 150 × 30 செ.மீ. பலகையில் ஒரு நிலையம்

வட்டப்பாதை வேண்டாம். டிடியில் 310 மி.மீ. ஆர வளைவு போட்டாலே வட்டத்துக்கு 70 செ.மீ. அகலம் போய்விடும். நேரான பலகையில் ஒரு மெயின் லைன், பக்கத்தில் ஒரு லூப் லைன், சரக்கு இறக்க ஒரு சிறு முட்டுப்பாதை. மொத்தம் மூன்று பாயின்ட்.

கணக்கு இப்படி வரும். இரு முனைகளிலும் வண்டி வெளியே போய் நிற்க 30 செ.மீ. விடுங்கள். மீதி 90. டில்லிக்கின் 15 டிகிரி பாயின்ட் 129.5 மி.மீ. நீளம். அதிலிருந்து லூப் லைன் மறுபடி மெயின் லைனுக்கு இணையாகத் திரும்ப இன்னொரு 9 செ.மீ. பிடிக்கும். இரு பக்கமும் சேர்த்து 44 போனால் 46 செ.மீ. நேர்ப்பாதை மிஞ்சும். 810 டிடியில் 117 மி.மீ. அதன் பின்னால் அதே நீளமுள்ள இழுவைப் பெட்டி ஒன்றைச் சேர்த்தாலும் 24 செ.மீ.தான். எதிரே வரும் சரக்கு வண்டிக்கு எஞ்சினோடு மூன்று நான்கு குட்டி வேகன்கள் போதும். இரண்டு வண்டிகளும் நிம்மதியாக ஒன்றையொன்று கடக்கும்.

பலகைக்கு ஒட்டுப்பலகை, அடியில் குறுக்குச் சட்டங்கள், மேலே 3 முதல் 5 மி.மீ. கார்க் தாள். தண்டவாளத்தை முதலில் ஒட்டாமல் குண்டூசியால் நிறுத்தி, ஒரு வேகனை விரலால் தள்ளிப் பாருங்கள். இணைப்பில் நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். அரத்தால் லேசாகத் தேய்த்துச் சரிசெய்த பிறகே ஒட்டுங்கள்.

படி 4: மின்சாரம் (இங்கே அவசரப்படக் கூடாது)

810-க்கு மொத்தமே நான்கு சக்கரங்கள். அவை நான்கும்தான் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். எட்டுச் சக்கர எஞ்சின் சிறு அழுக்கைப் பொருட்படுத்தாது, இது பொருட்படுத்தும். நிஜ வண்டியில் அச்சுகளின் இடைவெளி 8 மீட்டர், டிடியில் 67 மி.மீ. பாயின்ட்டின் நடுவே தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் துண்டில் மின்சாரம் இல்லையென்றால், மெதுவாக வரும் 810 அங்கேயே நின்றுவிடும்.

அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அந்த நடுத்துண்டுக்குத் தனிக் கம்பி இழுத்து, பாயின்ட் திரும்பும்போது கூடவே மாறும் சுவிட்ச் வழியாக மின்சாரம் கொடுங்கள். பாயின்ட் மோட்டார்கள் பலவற்றில் இந்தச் சுவிட்ச் உள்ளேயே இருக்கும். இரண்டு, உலோக இணைப்பான்களை நம்பாமல் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் கீழிருந்து ஒரு சிவப்பு, ஒரு கறுப்புக் கம்பி வைத்து ஈயப்பற்று போடுங்கள். பற்று வைக்கும்போது நுனியை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் அழுத்தினால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும். இருபுறமும் ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்துக்குச் சாதாரண 12 வோல்ட் நேர்மின் கட்டுப்பாட்டுப் பெட்டி போதும், டிஜிட்டல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 5: பார்த்ததும் செக் என்று தெரிய வேண்டும்

கட்டடம் வாங்குவதற்கு முன் இரண்டு சின்ன விஷயங்கள். ஒன்று, பிளாட்ஃபாரத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஸ்டேஷன் மாஸ்டர். வண்டியை அனுப்ப அவர் வெளியே வந்து நிற்பார். மற்றது லெவல் கிராசிங் விளக்கு. செக் நாட்டின் பல கிராசிங்குகளில் இரண்டு சிவப்பு விளக்குகளோடு ஒரு வெள்ளை விளக்கும் உண்டு. ரயில் வராதபோது அது மெதுவாக மினுக்கும். அது மினுக்கினால் வாகனங்கள் 50 கி.மீ. வேகத்தில் கடக்கலாம், இல்லையென்றால் 30தான். 12 வோல்ட் மின்சாரத்தில் ஒரு குட்டி வெள்ளை எல்இடியும் 2.2 கிலோ ஓம் மின்தடையும் ஒரு மினுக்கும் சுற்றும் போதும். கேட் செய்யும் வேலையே இல்லை.

கட்டடத்துக்கு லேசரில் வெட்டிய அட்டைக் கிட்கள் நல்ல தொடக்கம். காகித மாதிரி செய்வது அங்கே தலைமுறைப் பழக்கம், அதனால் அட்டைக் கிட்களின் தரம் நன்றாகவே இருக்கும். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு வெள்ளை வேண்டாம். மங்கிய காவி மஞ்சள் அடித்து, கீழ்ப்பகுதியில் ஈரம் ஏறிய கறை வையுங்கள். பழைய பிளாட்ஃபாரங்கள் தாழ்வானவை, டிடியில் 2 மி.மீ. உயரம் போதும்.

படி 6: நேரில் போகிறீர்களா?

முதல் நாள் பிராக். ஸ்மீஹோவ் பகுதியில் அண்டெல் மெட்ரோவுக்குப் பக்கத்தில் 2009-இல் திறந்த 'ரயில் ராஜ்ஜியம்' என்ற பெரிய ஹெச்ஓ காட்சி இருக்கிறது. லெட்னாவில் உள்ள தேசியத் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் நிஜ எஞ்சின்களின் அடியில் போய் நிற்கலாம். ஒரே இடத்துக்குத்தான் நேரம் என்றால் இரண்டாவதுக்குப் போங்கள். அல்லது, பிராகிலிருந்து மேற்கே லுஷ்னாவில் பழைய எஞ்சின் கொட்டகையிலேயே அமைந்த ரயில்வே அருங்காட்சியகம்.

ஆனால் மாதிரி செய்பவருக்கு அருங்காட்சியகத்தைவிட ஓடும் பாதையே பள்ளிக்கூடம். பிராகுக்குத் தெற்கே சாஸவா ஆற்றை ஒட்டிப் போகும் பாதையில் ஷாம்பாக் கல் பாலம் சுமார் 42 மீட்டர் உயரம். டிடியில் 35 செ.மீ. வரும், மனசு வைத்தால் செய்துவிடலாம். அந்தப் பாதையில் ஓடும் ரெஜியோநோவா வண்டிகள் பழைய 810களைப் புதுப்பித்துச் செய்தவை. வடக்கே டான்வால்டிலிருந்து கோர்ஷெனோவ் போகும் 1902ஆம் ஆண்டுப் பாதையில் நடுவே, எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறுவதற்கான பற்சட்டம் பதித்திருக்கும். ஏற்றம் ஆயிரத்துக்கு 58. அன்றாட ரயில்கள் பற்சட்டத்தைப் பயன்படுத்தாமலே ஏறுகின்றன. பல்சக்கர எஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் பாரம்பரிய ஓட்டம் உள்ள நாளாகப் பார்த்துப் போங்கள்.

சிற்றூர் நிலையங்களில் படம் எடுக்கும்போது கட்டடத்துக்கு நேர் எதிரே நின்று எடுங்கள், கோணலாக வேண்டாம். சட்டகத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் சாத்தி வையுங்கள். வீட்டுக்கு வந்து அளக்கும்போது 1 மீட்டருக்கு 8.3 மி.மீ. என்று மாற்றிக்கொள்ளலாம்.

படி 7: கடையில்

மாதிரிக் கடைகள் பெரும்பாலும் சின்னவை. சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு திறந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வாங்கும் முன் சோதனைத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அது சகஜம். மிக மெதுவான வேகத்தில் இரு திசையிலும் ஓட வேண்டும். குளிர்காலத்தில் நடக்கும் பழைய பொருள் சந்தைகளில் கிழக்கு பெர்லின் காலத்து டிடி வேகன்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றின் கப்ளிங் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) இன்றைய டில்லிக் கப்ளிங்கோடு சேராது, மாற்றிக்கொள்ளும் பாகம் தனியாக வாங்க வேண்டும்.

ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 கொருனாவுக்கு மேல் வாங்கினால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் வரியைத் திரும்பப் பெறப் படிவம் கேட்கலாம். அந்தக் கடை அதைக் கொடுக்குமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். விமான நிலையச் சுங்கத்தில் பொருளைக் காட்டச் சொல்வார்கள், எனவே மாதிரிகளைக் கைப்பையில் வையுங்கள். மின்பெட்டி வாங்கினால் அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம் வீட்டில் பிளக் மாற்றி மட்டும் போதும்.