ரயில் படத்தை ரயிலுக்காகப் பார்ப்பது எப்படி

முதல் தடவை படத்தைக் கதைக்காகப் பார்த்து முடித்துவிடுங்கள். அழ வேண்டிய இடத்தில் அழுதுவிடுங்கள். ரயிலுக்கென்று உட்காருவது இரண்டாவது தடவை. கையில் ரிமோட் வேண்டும், பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும். ரயில் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டால், அப்புறம் தேடி அலைய வேண்டியதில்லை.

நான் சோழவந்தான் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா பாயிண்ட்ஸ்மேன், வண்டி தடம் மாறும் இடத்தைக் கவனிக்கும் ஊழியர். இப்போது மதுரை கூடல்நகரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டு ஹாலில் ரயில்வே குடும்பத்து ஆட்கள் சிலர் கூடிப் படம் பார்ப்போம். ஓய்வுபெற்ற லோகோ பைலட் அண்ணன் ஒருவர், சிக்னல் பிரிவில் வேலை பார்க்கும் என் தம்பி மனைவி, ப்ளஸ் டூ படிக்கும் என் மகள். அண்ணன் சத்தத்தைக் கவனிப்பார், மகள் பெட்டியின் நிறத்தைக் கவனிப்பாள். அந்த ஹாலில் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தரையைப் பாருங்கள். தண்டவாளம் மீட்டர் கேஜா, பிராட் கேஜா? மீட்டர் கேஜில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர், பிராட் கேஜில் 1,676. திரையில் அளக்க முடியாது. ஆனால் மீட்டர் கேஜ் பெட்டி தண்டவாளத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் நன்றாகப் பிதுங்கி நிற்கும். எதிரே வரும் வண்டியை நேராகக் காட்டும் ஷாட்டில் பாருங்கள், உடனே தெரியும். இது தெரிந்தால் பாதி விஷயம் பிடிபட்டுவிடும். 1980-ல் மதுரைக்கு மீட்டர் கேஜ் மட்டும்தான். 1977 ஆகஸ்ட் 15-ல் வைகை எக்ஸ்பிரஸ் தொடங்கியதும் மீட்டர் கேஜில்தான். ராமேஸ்வரம் பாதை 2007-ல்தான் மாறியது. போடி லைனில் மீட்டர் கேஜ் வண்டி 2010 டிசம்பர் வரை ஓடியது. ஆக, எண்பதுகளில் மதுரையில் நடக்கிற கதையில் பெரிய கேஜ் வண்டி ஓடினால், அந்தக் காட்சி வேறு எங்கோ, வேறு எப்போதோ எடுத்தது.

அடுத்தது நிறம். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்த பழைய பெட்டிகள் செங்கல் சிவப்பில் இருந்தன. தொண்ணூறுகளில் வேக்கம் பிரேக் போய் ஏர் பிரேக் வந்தபோது நீல நிறத்துக்கு மாறத் தொடங்கின. அதனால் பழைய காலத்தைக் காட்டும் படத்தில் நீலப் பெட்டி வந்தால் என் மகள் கையைத் தூக்கிவிடுவாள். தலைக்கு மேலே மின்கம்பி ஓடுகிறதா என்பதும் இதே மாதிரிதான். கதாநாயகி கண்ணீரோடு நிற்கும்போது அவள் பின்னால் இருக்கும் கம்பத்தைப் பார்ப்பது கொஞ்சம் கல்நெஞ்சு வேலை. அதனால்தான் அதை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

கைகாட்டியை, அதாவது கம்பத்தில் கை மாதிரி நீட்டியிருக்கும் பழைய சிக்னலை, கட்டாயம் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய ஸ்டேஷன்களில் பெரும்பாலும் கை நேராக நீட்டியிருந்தால் நில், கீழே சாய்ந்திருந்தால் போ. கை நேராக நீட்டிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்பிரஸ் சீறிப் பாய்கிற படங்கள் உண்டு. அப்படி வந்தால் தம்பி மனைவி படத்தையே நிறுத்திவிடுவாள். ஒற்றைப் பாதைக் காலத்து ஸ்டேஷன் வந்தால் டோக்கன் மாற்றும் காட்சி இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம் என்று ஓட்டுநருக்குக் கொடுக்கும் அனுமதி அடையாளம்தான் டோக்கன். நிற்காமல் போகும் வண்டியில் டோக்கன் கோத்த வளையத்தைக் கொடுப்பதும் வாங்குவதும் உடம்பு பழகிய வேலை. அப்பா கையை நீட்டி நிற்கும் வாட்டமே தனி. அது சரியாக வந்திருக்கிற படத்தில் அந்த ஆளை நிஜமான ஸ்டேஷனிலிருந்தே கூட்டி வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இனி காது. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். திரையில் மின்சார என்ஜின் வரும், பின்னணியில் நீராவி என்ஜின் விசில் கேட்கும். டீசலுக்கும் அதே கூ சத்தம்தான். படப்பிடிப்பில் எடுத்த சத்தம் போதாதென்று பிறகு சேர்க்கிறார்கள். சேர்ப்பதில் தப்பில்லை, அந்தந்த என்ஜினின் சத்தத்தைச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? ‘தடக் தடக்’கும் அப்படித்தான். அது இரண்டு தண்டவாளம் சேரும் மூட்டில், ஃபிஷ் பிளேட் என்ற இணைப்புத் தகடு போட்ட இடைவெளியில், சக்கரம் விழுந்து எழும் சத்தம். இன்றைக்குப் பெரிய பாதைகளில் தண்டவாளத்தை நீளநீளமாக வெல்டிங் செய்துவிட்டார்கள். எல்.எச்.பி. என்ற புது வகைப் பெட்டி ஓடும் புதுப் படத்தில் ஓயாமல் தடக் தடக் கேட்டால் அது ஒட்டிய சத்தம்.

மூட்டுள்ள பாதையில் எடுத்த நிஜச் சத்தம் கிடைத்தால் வேகத்தையே எண்ணிவிடலாம். பிராட் கேஜில் ஒரு தண்டவாளத்தின் நீளம் 13 மீட்டர். 47 விநாடியில் எத்தனை தடக் கேட்கிறதோ, அதுதான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. மீட்டர் கேஜில் 12 மீட்டர், அதற்கு 43 விநாடி. அடுத்தடுத்த சக்கரங்கள் சேர்ந்து எழுப்பும் சத்தத்தை ஒன்றாக எண்ண வேண்டும். சினிமாவில் வெட்டில்லாமல் 47 விநாடி கிடைப்பது அபூர்வம். பாதி நேரம் எண்ணி இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். ‘நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது’ என்று வசனம் வரும், எண்ணினால் நாற்பதுகூடத் தேறாது.

நான் ஒரு படத்தை ரயில் படம் என்று ஒத்துக்கொள்வதற்கு ஒரே சோதனைதான் வைத்திருக்கிறேன். இயக்குநர் கடைசிப் பெட்டி போகும்வரை கேமராவை நிறுத்தி வைத்தாரா? இது அப்பாவிடமிருந்து வந்தது. வண்டி ஸ்டேஷனைக் கடந்துவிட்டது என்று சொல்ல என்ஜினைப் பார்த்தால் போதாது. கடைசிப் பெட்டியின் பின்னால் எல்.வி. (லாஸ்ட் வெஹிகிள், கடைசி வண்டி) பலகையைப் பார்க்க வேண்டும், ராத்திரி என்றால் சிவப்பு விளக்கு. அதைப் பார்த்த பிறகுதான் வண்டி முழுசாக வந்தது என்று ஸ்டேஷன் மாஸ்டர் பின்னால் இருக்கும் ஸ்டேஷனுக்குச் சொல்லுவார், அடுத்த வண்டிக்கு வழி கிடைக்கும். நடுவழியில் இரண்டு பெட்டி கழன்று நின்றிருந்தால்? அதற்காகத்தான் இந்த முறை. அப்பா சினிமா பார்க்கும்போதும், “கடைசி வண்டியக் காட்டாமப் போயிட்டான் பாரு” என்பார்.

இந்தக் கண்ணோடு ‘கிழக்கே போகும் ரயில்’ பாருங்கள். 1978-ல் வந்த பாரதிராஜா படம். காதலன் சேதி எழுதி அனுப்புவது கடைசிப் பெட்டியின் பின்புறத்தில். அவளுக்கு அதைப் படிக்க வண்டி முழுவதும் கடந்து போயாக வேண்டும். ரயில்வேக்காரர்கள் தினமும் பார்க்கும் இடத்தில் பாரதிராஜா ஒரு காதல் கடிதத்தை வைத்துவிட்டார். அதற்கு முந்தைய வருஷம் வந்த ‘பதினாறு வயதினிலே’யில் மயில் ஸ்டேஷனில் காத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். ரயில் வருவதும் போவதும் கிராமத்துக்கு என்ன அர்த்தம் என்று இந்த இரண்டு படங்களும் சொன்ன அளவுக்கு வேறு தமிழ்ப் படம் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. நீராவி என்ஜின் ஓட்டுகிறவரின் வீட்டைப் பார்க்க வேண்டுமானால் சிவாஜி நடித்த ‘பச்சை விளக்கு’, 1964.

வண்டி நிஜமா, செட்டா என்று பார்ப்பது அடுத்த பாடம். பெட்டிக்குள் நடக்கும் காட்சியில் முகத்தைப் பார்க்காமல், முகத்தின் மேல் ஓடும் நிழலைப் பாருங்கள். மரம், கம்பம், பாலம் கடக்கும்போது வெளிச்சம் ஒழுங்கில்லாமல் வெட்டும். செட்டில் அது சீராக வரும். மேல் பெர்த் சங்கிலி, பாட்டில் தண்ணீர், தொங்கும் துண்டு எல்லாம் ஒரே பக்கம் ஆடுகின்றனவா என்றும் பாருங்கள். செட் என்பதாலேயே மட்டம் இல்லை. சத்யஜித் ராயின் ‘நாயக்’ (1966) கல்கத்தாவிலிருந்து டெல்லி போகும் ரயிலில் நடக்கிறது. அந்தப் பெட்டிகளை ஸ்டுடியோவில் கட்டியவர் பன்ஸி சந்திரகுப்தா. அப்படித் தேடித் தேடிப் பார்த்தும் அண்ணன் அதை நிஜமென்றே நம்பினார். அதே ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) நாணல் பூக்களுக்கு நடுவே குழந்தைகள் ரயிலைப் பார்க்கும் காட்சி நிஜ வண்டி. ஒரு நாள் பாதி எடுத்துவிட்டு மறுவாரம் போனால் பூவையெல்லாம் மாடு மேய்ந்திருந்ததாம். மீதியை எடுக்க அடுத்த பூக்காலம் வரை காத்திருந்தார்கள். ஒரே வண்டியாகத் தெரிவது உண்மையில் பல வண்டிகள். அந்தக் கரும்புகைக்காக என்ஜினில் ஆள் ஏற்றி, சரியான நேரத்தில் கரி போட வைத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் புகை மேல் தனி மரியாதை வரும்.

வெளிநாட்டுப் படங்களில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் என்றால் ‘தி டிரெயின்’ (1964). ஜெர்மானியர்கள் பாரிஸிலிருந்து ஓவியங்களை ரயிலில் கடத்தப் பார்க்கிறார்கள், ரயில்வே தொழிலாளர்கள் தடுக்கிறார்கள். மோதலெல்லாம் நிஜ என்ஜின்கள். ஆனால் எங்களுக்குப் பிடித்தது மோதல் இல்லை. வயதான டிரைவர் ஒரு நாணயத்தை எண்ணெய்க் குழாயில் போட்டு அடைக்கிறார். எண்ணெய் போகாமல், சுழலும் பாகத்தைத் தாங்கும் பேரிங் எரிந்து என்ஜின் நின்றுவிடும். அப்புறம் கதாநாயகன் பர்ட் லங்காஸ்டர் தானே உலோகம் உருக்கி ஊற்றி புது பேரிங் வார்க்கிறார். கேமரா அவசரப்படாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அண்ணன் அந்த இடத்தில் பேசவே மாட்டார்.

ஓடிப்போன ரயில் படம் பார்க்கும்போது ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்: பிரேக் ஏன் பிடிக்கவில்லை? ரயில் பிரேக், குழாயில் காற்று குறைந்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும்படி அமைந்தது. குழாய் அறுந்தால் வண்டி நிற்கும், ஓடாது. ‘அன்ஸ்டாப்பபிள்’ (2010) இதற்குப் பதில் வைத்திருக்கிறது, பெட்டிகளின் காற்றுக் குழாயை என்ஜினோடு இணைக்கவே இல்லை, அதனால் பெட்டிகளின் பிரேக் வேலை செய்யவில்லை. 2001 மே மாதம் அமெரிக்காவின் ஒஹையோவில் 47 பெட்டிகளோடு ஒரு வண்டி ஆளில்லாமல் ஓடிய நிஜச் சம்பவத்திலும் அதுதான் காரணம். நம் ‘தொடரி’யைப் (2016) பார்க்கும்போது இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் குறிப்பிட்ட நேரம் எதையும் தொடாவிட்டால் பிரேக் போட்டுவிடும் விஜிலன்ஸ் கருவி இப்போது என்ஜின்களில் இருக்கிறது. அது என்ன ஆனது? ஆனால் பேன்ட்ரி கார் ஆட்களை நாயகனாக்கிய படம் என்பதற்காகவே எனக்கு அதன் மேல் பாசம் உண்டு.

இடம் கண்டுபிடிப்பதற்குத்தான் நோட்டு. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, கீழே கடல்மட்ட உயரம். ஊர்ப்பெயரை மாற்றி எழுதியிருப்பார்கள், சில சமயம் உயரத்தை மாற்ற மறந்திருப்பார்கள். அப்புறம் பின்னால் தெரியும் மலை. வாடிப்பட்டிப் பக்கம் என்றால் சிறுமலை, மதுரைக்கு மேற்கே என்றால் நாகமலை. மலையின் உச்சிக்கோட்டை யாராலும் மாற்ற முடியாது. ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ (2013) படத்தில் வண்டி தூத்சாகர் அருவியைக் கடக்கும். அந்த அருவி கோவா எல்லையில் காசில்ராக், குலேம் இடையில் இருக்கிறது. மும்பையிலிருந்து சென்னை வரும் வண்டி புணே, சோலாப்பூர், குண்டக்கல் வழியாக வரும், அந்தப் பக்கமே தலைவைக்காது. அருவி அழகுதான், அதை மறுக்க மாட்டேன்.

பாம்பன் வந்தால் தேதி சொல்வது சுலபம். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே தூக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ஒரே துண்டாக நேராக மேலே ஏறும். நீலகிரி வந்தால் தண்டவாளத்தின் நடுவே பாருங்கள். பல் வைத்த பட்டை தெரிந்தால் அது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே. அங்கே நீராவி என்ஜின் பின்னால் நின்று தள்ளும். பட்டை இல்லையென்றால் குன்னூருக்கு மேலே. ‘மூன்றாம் பிறை’யின் (1982) கடைசிக் காட்சி நடக்கும் கேத்தி அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. மதுரையிலிருந்து ஒரு முறையாவது போய் அந்தப் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டு வாருங்கள்.

போகும் இடத்தில் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, பிளாட்பாரத்திலேயே நில்லுங்கள். படத்தில் வந்த கோணம் வேண்டுமென்று தண்டவாளத்தில் இறங்காதீர்கள். ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம். அதைவிட, மின்சார என்ஜின் கிட்டே வரும்வரை சத்தமே கேட்காது. தண்டவாளத்தில் செல்ஃபி எடுத்து அடிபட்டவர்களின் உடலை எடுத்துப்போட்டவர் எங்கள் காலனியிலேயே உண்டு.

பிள்ளைகளுக்கு எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ (1926). மௌனப் படம், பாஷை தெரிய வேண்டாம். பாலம் உடைந்து என்ஜின் ஆற்றில் விழும் காட்சியில் நிஜ என்ஜினையே விழவைத்தார்கள். பொம்மை என்ஜின் விழுந்தால் துள்ளும், இது துள்ளாது, அப்படியே அமுங்கும். அதை நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். மறுவாரம் திருச்சி ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போய் ஒரு நீராவி என்ஜினின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்க வையுங்கள். மதுரையிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.