நிலத்தடி மின்நிலையக் கூடங்களில் பாறையைத் தாங்குதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலிருந்து குமுளிக்குப் போகிறவர்கள், லோயர் கேம்பில் மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய்களையும் அடிவாரத்தில் நிற்கும் பெரியாறு மின்நிலையத்தையும் பார்த்திருப்பார்கள். அதே மலைத்தொடரின் கேரளப் பக்கம், மூலமற்றத்தில் 1976-இல் இயங்கத் தொடங்கிய இடுக்கி மின்நிலையமும், தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலையிலுள்ள 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று நிலையமும் மலையின் வயிற்றுக்குள் குடைந்த கூடங்களில் இயங்குகின்றன. நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டமும் இதே வகைதான். இத்தகைய பணிகளுக்குப் போகும் நம் பகுதி இளம் பொறியாளர்கள் ஓர் அடிப்படையை மனத்தில் இருத்த வேண்டும்: மலையைக் கம்பியும் கான்கிரீட்டும் தாங்குவதில்லை. பாறை தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும்படி அவை துணைநிற்கின்றன, அவ்வளவே. கீழே வரும் தவறுகள் பெரும்பாலும் இதை மறப்பதால் நேர்பவை.

முதல் தவறு, கருங்கல்தானே, எதையும் தாங்கும் என்று நம்பிவிடுவது. கையில் எடுத்த துண்டின் வலிமை வேறு, மலையின் வலிமை வேறு. மேலூர்ப் பக்கத்துக் குவாரிகளில் கல் உடைப்பவர், கல் எந்தப் போக்கில் பிளக்கும் என்று பார்த்த பிறகே உளி வைக்கிறார். அவருக்கு உதவும் அதே பிளவுத்தளம் கூடத்தின் கூரையில் ஆப்பு வடிவக் கட்டியைக் கழற்றிவிடும். ஆகவே கூடத்தின் நீள அச்சை முக்கியப் பிளவுத்தளங்களுக்கு இணையாக வைத்துவிடக் கூடாது. பாறைக்குள் கிடைவாட்டில் அழுத்தும் தகைவின் (உள்ளழுத்தத்தின்) திசையையும் அளந்து, இரண்டுக்கும் பொருந்தும் திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளவே இல்லாத பாறை என்றாலும் கவலை தீர்ந்துவிடாது. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத் திட்டமிடப்பட்ட கூடம் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமும் கொண்டது. பாறை, சார்னகைட் எனப்படும் உறுதியான கருங்கல் வகை. ஆனால் அதன் தலைமேல் இருப்பது ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட மலை. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மேற்பாறையின் எடை மட்டுமே ஏறத்தாழ 27 மெகாபாஸ்கல் தகைவைத் தரும். குடைந்த பிறகு கூடத்தின் விளிம்பில் அது இரண்டு மடங்காகவும் அதற்கு மேலும் உயரக்கூடும். அந்த நிலையில் பிளவற்ற கெட்டிப் பாறைதான் சில்லுச்சில்லாகத் தெறிக்கும்.

இரண்டாவதும் என் கணிப்பில் மிக மோசமானதுமான தவறு, கவனம் முழுவதையும் கூரைக்குக் கொடுத்துவிட்டுப் பக்கச் சுவரை விட்டுவிடுவது. மேலேயிருந்து விழும் கல் எல்லோர் கண்ணிலும் படுவதால் இது நேர்கிறது. நீர்மின் கூடத்திலோ கூரை 20 மீட்டர் அகலத்தில் வளைந்து நிற்க, சுவர் அதைப்போல இரண்டு மடங்கு உயரத்துக்கு வளைவே இல்லாமல் நிமிர்ந்து நிற்கிறது. பாறையின் தரத்தை ஓர் எண்ணாகச் சொல்லும் முறைகளான, பார்ட்டன் குழுவினர் 1974-இல் வெளியிட்ட கியூ முறையிலும் பியனியாவ்ஸ்கியின் ஆர்.எம்.ஆர். முறையிலும் அந்த எண்ணைக் கணக்கிட்டு, அட்டவணையில் பார்த்துத் தாங்கலை முடிவுசெய்துவிடுவோரும் உண்டு. ஆர்.எம்.ஆர். பரிந்துரை அட்டவணை 10 மீட்டர் அகலச் சுரங்கத்துக்கானது; 45 மீட்டர்ச் சுவரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கைக்கணக்குச் சூத்திரங்களே வேறுபாட்டைக் காட்டிவிடும். பாறையில் துளையிட்டுச் செருகும் எஃகுக் கம்பியான போல்ட்டின் நீளத்தை, அகலத்தையோ உயரத்தையோ 0.15-ஆல் பெருக்கி 2 மீட்டர் கூட்டிப் பெறலாம் என்பது வழக்கம். அதன்படி 20 மீட்டர் அகலக் கூரைக்கு 5 மீட்டர் போல்ட் போதும். 45 மீட்டர்ச் சுவருக்கோ ஏறக்குறைய 9 மீட்டர் தேவைப்படும். பாறைக்குள் ஆழமாக நங்கூரமிட்டு இழுத்துப் பூட்டும் எஃகு வடமான கேபிள் ஆங்கர் என்றால், சுவர் உயரத்தில் 0.35 பங்காக, 16 மீட்டரை நெருங்கும். இவை தொடக்க மதிப்பீடுகளே. இறுதி முடிவுக்குத் தகைவு அளவீடும் கணினிப் பகுப்பாய்வும் வேண்டும். பூட்டானின் தாலா மின்நிலையத்தில் 20.4 மீட்டர் அகலமும் 44.5 மீட்டர் உயரமும் கொண்ட இயந்திரக் கூடத்தின் சுவர்களில் பொருத்திய போல்ட்டுகள் முறிந்து உள்ளே தெறித்தன என்பதை இத்துறையில் யாரும் மறக்கக் கூடாது.

சுவர் நகர்ந்தே தீரும். கூடத்தை மேலிருந்து படிப்படியாகக் குடையும்போது, பெஞ்ச் எனப்படும் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும்போதும் மேலே முடிந்த பகுதியின் மீது புதிதாகப் பாரம் ஏறும். அதனால் கேபிளை முழுத் தாங்குதிறன் வரை இழுத்துப் பூட்டுவது பாதுகாப்பு ஆகாது. பின்னால் வரும் நகர்வுக்கு இடம் விட்டே பூட்ட வேண்டும். கால அட்டவணை நெருக்குகிறது என்பதற்காக, மேற்பெஞ்சின் தாங்கல் முடியுமுன் அடுத்த பெஞ்சுக்கு வெடி வைப்பதும் இதனோடு சேர்ந்த தவறுதான். விளிம்புத் துளைகளில் வெடிமருந்தைக் குறைத்து மென்மையாக வெடிக்காவிட்டால், நிற்கவேண்டிய பாறையையே நாம் நொறுக்கிவிட்டுப் பிறகு அதைத் தாங்கப் போராட நேரிடும்.

போல்ட் பொருத்துவதில் நேரும் பிழை வெளியே தெரியாது. மேல்நோக்கிய துளையில் கம்பியோடு, துளையின் நுனிவரை எட்டும் மெல்லிய காற்றுக்குழாயையும் செருகி, வாயை அடைத்து, கீழிருந்து சிமென்ட் கிரௌட்டை (சிமென்டும் தண்ணீரும் கலந்த குழம்பை) ஏற்ற வேண்டும். அந்தக் குழாய் வழியே கிரௌட் கெட்டியாகத் திரும்பி வந்த பிறகே துளை நிறைந்ததாகக் கொள்ளலாம். முதலில் தண்ணீரும் நுரையும் வரும். அதைக் கண்டதுமே பம்பை நிறுத்திவிட்டால் நுனியில் வெற்றிடம் தங்கி, நாளடைவில் கம்பி துருப்பிடிக்கும். எளிதாக ஏறட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவதும் கூடாது. சிமென்ட் எடையில் 0.35 முதல் 0.4 பங்குத் தண்ணீரே நல்ல கிரௌட்டுக்குப் பொருத்தம். கம்பியை இழுத்துப் பார்க்கும் இழுவைச் சோதனையில் தேறியதே போதும் என்றும் இருந்துவிட முடியாது. நல்ல பாறையில் ஒரு மீட்டர்ப் பிணைப்பே கம்பியின் முழு வலிமைக்கு ஈடுகொடுத்துவிடும் என்பதால், மீதி நீளம் வெறுமையாக இருப்பதை அந்தச் சோதனை காட்டாது.

பாறைமீது பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்டான ஷாட்கிரீட்டைப் பொறுத்தவரை, தூசியும் தளர்ந்த கல்லும் நீங்கக் கழுவாத பரப்பில் அடித்தால் அது ஒட்டாது. மேடுபள்ளமான பாறையில் கம்பிவலையைக் கட்டி அடித்தால் வலைக்குப் பின்னால் பொள்ளல் நிற்கும். அத்தகைய இடங்களில் எஃகு இழை கலந்த கலவை மேல். நீர் வடிதுளை இல்லாமல் மூடினால் பின்னால் சேரும் நீரழுத்தமே அதைப் பெயர்த்துவிடும். வடிதுளைகள் சுண்ணப்படிவால் அடைபடும் என்பதால், நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகும் அவற்றைத் துப்புரவு செய்ய ஆள் வேண்டும்.

கடைசியாக, அளவுக்கருவிகள். பாறைக்குள் பல ஆழங்களில் நகர்வைக் காட்டும் எக்ஸ்டென்சோமீட்டரைக் கூடம் குடைந்து முடிந்த பிறகு பொருத்தினால், நகர்வின் பெரும்பகுதி அதற்குள் நடந்து முடிந்திருக்கும். அருகில் ஆய்வுச் சுரங்கம் இருந்தால் அங்கிருந்தே முன்கூட்டிப் பொருத்திவிடலாம். அளவைக் குறித்து வைப்பதைவிட, எத்தனை வேகமாக நகர்கிறது என்பதைப் பார்ப்பது முக்கியம். வெடி நின்றதும் வேகம் நாள்தோறும் தணிய வேண்டும். தணியவில்லை என்றால் அடுத்த பெஞ்சை நிறுத்திவைத்துக் கூடுதல் ஆங்கர் போடும் அதிகாரம், அந்த அளவைப் படிக்கும் பொறியாளரிடமே இருக்க வேண்டும்.