வீட்டுக்குள் சிக்னல் வராத கிராமத்துக்காரர்களுக்கு: கூரை ஆன்டெனா வைக்கும் முறை

போன் வந்தால் மொட்டை மாடிக்கு ஓடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூரைமேல் ஆன்டெனா, அதோடு இணைத்த 4ஜி ரவுட்டர், இவ்வளவுதான் ஏற்பாடு. சிம் போடுவதும் வைஃபை பாஸ்வேர்டு வைப்பதும் உங்களுக்கே தெரியும்.

முதலில், போன் காட்டும் கோடுகளை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அபவுட் போன் பக்கத்தில் சிம் ஸ்டேட்டஸ் என்று இருக்கும், அதில் சிக்னலின் பலம் டிபிஎம் என்ற அளவில், மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 90 என்றால் நன்றாக இருக்கிறது, மைனஸ் 115 என்றால் இழுபறி. வெவ்வேறு சிம்களைப் போட்டு, வீட்டைச் சுற்றி நடந்து எண்களை எழுதி வையுங்கள்.

வெளி ஆன்டெனாவுக்கு இரண்டு துளை உள்ள ரவுட்டரையே வாங்குங்கள், 4ஜி ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டெனாவில் வாங்கும். ஆன்டெனா கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மெல்லிய கேபிளில் பத்து மீட்டர் இறக்கினால் கிடைத்த சிக்னலில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். அதனால் ரவுட்டரைக் கூரைக்குக் கீழேயே வைத்து, அங்கிருந்து ஈதர்நெட் கேபிளை இறக்குங்கள். அது 100 மீட்டர் வரை தாங்கும்.

அடுத்தது திசை பார்ப்பது. இதில்தான் எனக்கு மூன்று நாள் போனது. கண்ணுக்குத் தெரிந்த டவரைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பினேன், சிக்னல் மைனஸ் 88, ஆனால் ஒரு வீடியோ ஓடவில்லை. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் எஸ்ஐஎன்ஆர் என்று இன்னொரு எண் இருப்பதை அப்புறம்தான் கவனித்தேன். சிக்னல் எவ்வளவு சுத்தமாக வருகிறது, எவ்வளவு இரைச்சல் கலந்திருக்கிறது என்பதை அது சொல்கிறது. என்னுடையது 1. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்ததில், தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறொரு டவரில் சிக்னல் மைனஸ் 97, எஸ்ஐஎன்ஆர் 14. வீடியோ நிற்காமல் ஓடியது! இந்த எண்ணைப் பார்க்காமல் போல்ட்டை முறுக்கிவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: நெட் வந்தும் கால் வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள், போனும் சிம் நிறுவனமும் அதற்கு இடம் கொடுத்தால் கால் வைஃபை வழியாகவே வரும். சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர் கருவி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். வேண்டாம், பல நாடுகளில் அனுமதியில்லாமல் அதை வைப்பது குற்றம், பக்கத்து வீட்டுச் சிக்னலையும் கெடுக்கும். மழைக்காலத்தில் கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.