செலவைக் குறைத்து இணையவழியில் தகவல் எழுத்தறிவு கற்பித்தல்

கிழக்கிலங்கையின் வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழக நூலகத்தில் தகவல் எழுத்தறிவை, அதாவது தேவையான தகவலைத் தேடி மதிப்பிட்டுப் பயன்படுத்தும் திறனை, இணையவழியாகக் கற்பிக்க முனைபவர் முதலில் கணக்கிட வேண்டியது மாணவரின் டேட்டாச் செலவையே. பாடத்தளமான மூடில், திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் ஸ்டூடியோ, மேற்கோள்களை ஒழுங்குபடுத்தும் சொட்டெரோ ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ஒரு மணிநேரக் காணொளியைக் கைத்தொலைபேசியில் பார்க்கும் மாணவர் அதற்குத் தம் கையிலிருந்தே காசு கொடுக்கிறார்.

ஆகவே பாடத்தை ஐந்து நிமிட ஒலிப்பதிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுடனும் கணினித் திரையின் படங்கள் கொண்ட ஒரு பக்கக் குறிப்பை இணைத்து, மூடிலிலும் வட்ஸ்அப் குழுவிலும் இடுங்கள். வினாடிக்கு 64 கிலோபிட் அளவில் அமைந்த ஐந்து நிமிடப் பதிவு ஏறத்தாழ 2.4 மெகாபைட் மட்டுமே. நேரடி வகுப்பைச் சந்தேகங்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். சூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும், பேசத் தொடங்கினால் நிறுத்தாத நூலகர்களாகிய நமக்கு அது நன்மையே.

அமெரிக்காவின் கல்லூரி மற்றும் ஆய்வு நூலகங்களின் சங்கம் தகவல் எழுத்தறிவுக்காக 2016இல் ஏற்ற சட்டகம் ஆறு கருத்துருக்களை முன்வைக்கிறது. ஆறையும் ஒரே பருவத்தில் திணிக்காமல், தேடலையும் மூலங்களை மதிப்பிடுவதையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றையும் விரிவுரையாளர் ஒப்படை கொடுக்கும் வாரத்திலேயே வெளியிட வேண்டும். தேவை எழாத நாளில் அனுப்பிய பதிவை மாணவர் திறப்பதில்லை.

பயிற்சிக்கு மட்டக்களப்பு வாவியில் இரவில் பாடுவதாகச் சொல்லப்படும் 'பாடும் மீனை' எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி இணையத்தில் திரும்பத் திரும்ப வரும் கூற்றொன்றைத் தெரிவுசெய்து, யார் யாரிடமிருந்து எடுத்தெழுதினார்கள், நேரில் கேட்டுப் பதிந்தவர் எவர் என்று பின்னோக்கித் தேடச் செய்யுங்கள். தேடுசொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றிப் பார்க்க வேண்டும். வந்தாறுமூலை என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் பலவாறு எழுதுவதால், ஓர் எழுத்துக்கூட்டலோடு நின்றவருக்கு மற்றக் கட்டுரைகள் அகப்படா. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தையும் திறந்த அணுக்க ஆய்விதழ்களையும் வீட்டிலிருந்தபடியே கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

மதிப்பீட்டிற்குப் பலதேர்வு வினாக்களை நான் பரிந்துரைப்பதில்லை. எந்தச் சொற்களால் தேடினார், எந்த மூலத்தை நீக்கினார், ஏன் நீக்கினார் என்று மூன்று வரிகளை மாணவர் எழுதியனுப்பட்டும். பலர் ஒரே இடத்தில் தடுமாறியிருந்தால், அதற்குரிய ஐந்து நிமிடப் பதிவை மட்டும் மாற்றிப் பதிவு செய்தால் போதும்.