பதின்பருவப் பிள்ளையோடு 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலை வாசிப்பது எப்படி?

தன்னை ஏற்றுக்கொள்ளுதலை மையமாகக் கொண்டு இளையோருக்காக எழுதப்பட்ட மாயப் புனைவுகள் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றே ஒன்றை எடுத்து ஒரு பதின்பருவப் பிள்ளையோடு நிதானமாக வாசிக்க விரும்பும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அக்கா அண்ணன்மாருக்கும் நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது, உர்சுலா லே குவின் எழுதி 1968இல் வெளிவந்த 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலைத்தான். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் இயங்கிய பர்னாசஸ் பிரஸ் என்ற சிறு பதிப்பகத்தின் உரிமையாளர், பதின்ம வயதினருக்கென ஒரு நாவல் வேண்டும் என்று கேட்டதன் விளைவாக எழுதப்பட்ட நூல் இது. கதைகளில் வரும் மந்திரவாதிகள் எப்போதும் நரைத்த தாடியோடுதான் இருக்கிறார்கள், அவர்களும் ஒரு காலத்தில் சிறுவர்களாகத்தானே இருந்திருப்பார்கள், அந்த வயதில் அவ்வளவு பெரிய ஆற்றலை எப்படிக் கையாளக் கற்றிருப்பார்கள் என்ற கேள்வியிலிருந்து லே குவின் தொடங்கினார்.

உடன் வாசிப்பவர் முதலில் தாம் ஒருமுறை முழுமையாக வாசித்துவிட வேண்டும். முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைக்குத் தெரிந்திருக்கக் கூடாது. இந்தக் கட்டுரையும் முடிவைச் சொல்லித்தான் பேசுகிறது என்பதால் இதைப் பிள்ளையிடம் இப்போது காட்ட வேண்டாம்.

நூலில் இருக்கும் வரைபடத்தை முதல் நாளே விரித்து வைத்துக்கொள்ளுங்கள். எர்த்சீ என்பது தீவுகளால் ஆன உலகம். நாயகன் கெட் பிறந்த கோன்ட் தீவு வடகிழக்கில் இருக்கிறது. மந்திரப் பள்ளி அமைந்த ரோக், தீவுகளுக்கு நடுவில் உள்கடலில் இருக்கிறது. அதன் பிறகு மேற்கே டிராகன் வாழும் பெண்டோர், வடக்கே ஒஸ்கில், கிழக்கு எல்லையில் இஃபிஷ் என்று அவன் பயணம் நீள்கிறது. ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் அவன் சென்ற வழியைப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். ஏழாம் அத்தியாயம் வரை அந்தக் கோடு தப்பியோடுபவனின் கோடு. எட்டிலிருந்து துரத்திச் செல்பவனின் கோடு. இந்தத் திருப்பத்தை நீங்கள் விளக்கத் தேவையில்லை, அது தாளிலேயே தெரியும்.

அடுத்து, இந்த உலகின் மந்திரம் எதனால் இயங்குகிறது என்பதில் பிள்ளைக்குக் குழப்பம் இருக்கக் கூடாது. இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவருக்கு அதன் மீது ஆற்றல் உண்டு. மனிதர்கள் ஊராருக்கு வேறொரு பெயரைச் சொல்லி வாழ்கிறார்கள். மெய்ப்பெயரை உயிருக்கு உயிரானவரிடம் மட்டுமே ஒப்படைக்கிறார்கள். ஊருக்குள் டூனி என்று அழைக்கப்பட்ட சிறுவனுக்குப் பதின்மூன்று வயதில் கெட் என்ற மெய்ப்பெயரைக் கொடுப்பவர் ஓகியன் என்னும் மந்திரவாதி. நாவலின் முடிவு முழுவதும் இந்த ஒரே விதியின் மேல் நிற்கிறது. ஆகவே முதல் அத்தியாயத்தில் இந்த இடம் வரும்போது வேகத்தைக் குறைத்து வாசியுங்கள்.

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு மழைக் காட்சி வருகிறது. கெட்டும் ஓகியனும் மலைவழியே நடந்து போகும்போது மழை பிடித்துக்கொள்கிறது. சாதாரண மந்திரக்காரன்கூட ஒரு சொல்லால் மழையை வேறு பக்கம் தள்ளிவிடுவான். ஓகியனோ அதைப் பெய்யவிட்டு, அடர்ந்த மரம் ஒன்றின் அடியில் படுத்துக்கொள்கிறார். கெட் சொட்டச் சொட்ட நனைந்து புதர்களுக்கிடையில் குந்தியபடி, பயன்படுத்தாத ஆற்றல் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன என்று மனத்துக்குள் புழுங்குகிறான். இந்த இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் கெட்டின் பக்கம்தான் நிற்பார்கள், நிற்கட்டும். ஓகியனுக்காக வாதாட முனையாதீர்கள். அவருடைய பொறுமையின் பொருள் பின்னால் தானாக விளங்குவதற்கு, இப்போது அது எரிச்சலூட்டுவதாகவே இருக்க வேண்டும்.

நான்காம் அத்தியாயத்தில்தான் நூலின் உயிர் இருக்கிறது. அதற்கு மற்றவற்றைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள். பள்ளியில் ஜாஸ்பர் என்ற உயர்குடி மாணவனின் மெருகேறிய பேச்சும் மரியாதையும் ஆடு மேய்த்து வளர்ந்த கெட்டை ஒவ்வொரு நாளும் குத்துகின்றன. தன் பெருமையை நிலைநாட்ட கெட் ரோக் குன்றின் மீது, இறந்துபோனவர்களில் ஒருத்தியை அழைக்கத் துணிகிறான். உலகம் கிழிந்து, அந்தக் கிழிசல் வழியே பெயரற்ற ஒரு நிழல் பாய்ந்து அவன் முகத்தைப் பிறாண்டுகிறது. அதை மூடுவதில் தலைமை மந்திரவாதி நெம்மெர்லே தம் ஆற்றல் அனைத்தையும் செலவழித்து இறக்கிறார். கெட் நெடுநாள் படுக்கையில் கிடந்து எழுகிறான். தழும்பு முகத்திலேயே தங்கிவிடுகிறது. முன்பு தடையின்றி ஓடிய பேச்சு இப்போது தடுமாறுகிறது.

இங்கே, அந்த நிழல் எதைக் குறிக்கிறது என்ற கேள்வியைக் கேட்க உங்கள் நாக்கு துடிக்கும். கேட்காதீர்கள். குறியீட்டை அவிழ்த்துவிட்டால் மீதி ஆறு அத்தியாயங்களும் விடை தெரிந்த கணக்காகிவிடும். அதற்குப் பதில், அவன் ஏன் அப்படிச் செய்தான், ஜாஸ்பர் அப்படி என்ன பெரிதாகச் சொல்லிவிட்டான் என்று கேளுங்கள். தன் வகுப்பில் தனக்கு நேர்ந்த ஏதோ ஒன்றைப் பிள்ளை சொல்லத் தொடங்கினால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். மிச்சத்தை மறுநாள் வாசித்துக்கொள்ளலாம்.

அதே அத்தியாயத்தின் பிற்பகுதியில் வெட்ச் என்ற நண்பன் விடைபெறும்போது, கேட்காமலேயே தன் மெய்ப்பெயரைக் கெட்டிடம் சொல்கிறான். எவராலும் நம்ப முடியாதவனாக, தன்னையே நம்பாதவனாக அவன் இருக்கும் நேரத்தில், இன்னொருவன் தன் உயிரை அவன் கையில் கொடுக்கிறான். தன்னை ஏற்றுக்கொள்ளுதல் என்பதைத் தனிமையில் கண்ணாடி முன் நின்று செய்யும் காரியமாகப் பல இளையோர் கதைகள் காட்டுகின்றன. இந்த நாவல் அப்படிக் காட்டவில்லை என்பதே என் நீண்ட நாள் எண்ணம். கெட் தன்னை ஏற்பதற்கு வெகு முன்னரே வெட்ச் அவனை ஏற்றுவிட்டான். கடைசிப் பயணத்தில் அந்தச் சிறு படகில் உடன் இருப்பவனும் அவனே. இந்தக் காட்சியை வாய்விட்டு வாசியுங்கள். உடன் வாசிப்பவர் கண்டிப்பாகச் சுட்டிக்காட்ட வேண்டிய ஒன்று என்றால் இதுதான்.

நடு அத்தியாயங்களைச் சற்று வேகமாகவே கடக்கலாம். பெண்டோரில் மட்டும் நில்லுங்கள். நிழலின் பெயரைச் சொல்லித் தருகிறேன் என்று டிராகன் பேரம் பேசும்போது, கெட் தன் விடுதலையை விட்டுக்கொடுத்து, டிராகன்களால் தீவு மக்களுக்குத் தீங்கு வராது என்ற வாக்குறுதியைப் பெறுகிறான். நீயாக இருந்தால் எதைக் கேட்டிருப்பாய் என்று பிள்ளையிடம் கேட்க ஏற்ற இடம் இது. பிறகு ஏழாம் அத்தியாயத்தின் முடிவில், ஓடுவதை நிறுத்தித் திரும்பி, துரத்தி வரும் நிழலை எதிர்கொள் என்று ஓகியன் சொல்கிறார். அங்கிருந்து சின்னச் சின்ன அமர்வுகளை விட்டுவிட்டு நீண்ட அமர்வுகளாக வாசிப்பது நல்லது.

பத்தாம் அத்தியாயத்தை ஒரே மூச்சில், உரக்க வாசித்து முடியுங்கள். கடல் மணலாக உறைந்த இடத்தில் நிழல் ஒவ்வோர் உருவமாக மாறி வருகிறது. கெட் அதைப் பெயர் சொல்லி அழைக்கிறான். அது அவனுடைய சொந்தப் பெயர். அதே கணத்தில் நிழலும் அதே பெயரைச் சொல்கிறது. அவன் வெல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை, முழுமையானான் என்றே நாவல் சொல்கிறது. அன்றைக்கு எந்தக் கேள்வியும் வேண்டாம். ஓரிரு நாள் கழித்து, யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நீ இருக்கிறபடியே நல்லவன் என்று இந்தக் கதை கெட்டிடம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஒருவர் இறக்கக் காரணமான செயலும் தன்னுடையதே என்று ஒப்புக்கொண்ட பிறகே அவனுக்கு நிம்மதி கிடைக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிள்ளையே கண்டு சொன்னால், அதற்கு மேல் நீங்கள் சேர்க்க எதுவும் இல்லை.

இரண்டு செய்திகளை நேராகப் பேசிவிட வேண்டும். முதலாவது நிறம். கெட் செம்பழுப்பு நிறத்தவன், வெட்ச் கறுத்தவன். வெள்ளைத் தோலர்களான கார்குகளே கதையின் தொடக்கத்தில் படையெடுத்து வருகிறார்கள். லே குவின் இதை ஓசையின்றி, ஆனால் தெரிந்தே செய்தார். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் கெட்டை வெள்ளையனாக்கியபோது அவர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். தன் நிறத்தைப் பற்றி வீட்டிலும் விளம்பரத்திலும் ஓயாமல் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இது சிறிய செய்தி அன்று. இரண்டாவது, ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரத்தை இழிவாகப் பேசும் பழமொழிகளும் நூலில் உண்டு. வாசிக்கும் பெண் பிள்ளை இதைக் கேட்டால் மழுப்பாதீர்கள். லே குவினே பிற்காலத்தில் இதை மறுபரிசீலனை செய்து, 1990இல் அதே எர்த்சீ உலகில் நிகழும் 'தெஹானு' நாவலை எழுதினார் என்ற உண்மையைச் சொல்லுங்கள்.

உரையாடல் குறைந்த, பழங்கதை சொல்லும் நடையிலான ஆங்கிலம் என்பதால் முதல் இரு அத்தியாயங்கள் சிலருக்குக் கடினமாக இருக்கலாம். அப்போது ஒரு பத்தியை ஆங்கிலத்தில் வாசித்து, உடனே தமிழில் கதையாகச் சொல்லிச் செல்லுங்கள். மூன்றாம் அத்தியாயத்துக்குள் காது பழகிவிடும்.

அடுத்து என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு 1971இல் வந்த 'த டூம்ப்ஸ் ஆஃப் அடுவான்' நூலைக் கொடுங்கள். பெயர் பறிக்கப்பட்டு இருண்ட கல்லறைகளுக்குப் பூசாரியாக்கப்பட்ட டெனார் என்ற பெண்ணின் கதை அது. கெட் அதில் பாதியில்தான் வருகிறான். 'தெஹானு'வில் குழந்தை மீதான வன்முறை பேசப்படுவதால் அதைப் பதினாறு, பதினேழு வயது வரை ஒத்திவைப்பது நல்லது.