‘வீட்டு ஆண்பிள்ளை’ பட்டத்தைப் பிடுங்குங்கள்

கணவர் இறந்த வாரம் பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் என் 9 வயது மகனிடம், “இனி நீதான் இந்த வீட்டு ஆண்பிள்ளை” என்றார்கள். அன்றிரவு அவன் வாசல் தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தான். அந்தப் பட்டத்தை முதலில் பிடுங்குங்கள். கதவைப் பூட்டுவது அம்மா வேலை என்று சொல்லிவிடுங்கள்.

பதிலுக்கு வயதுக்கேற்ற வேலை கொடுங்கள். எங்கள் வீட்டில் தேங்காய் துருவுவது அவன். சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாட்டுவது 16 வயது அக்கா. (முதல் மாதம் சட்னியில் ஓடு கடிபட்டது; பேசாமல் சாப்பிட்டோம்.)

பள்ளியில் அப்பாவைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒரே வரியை வீட்டிலேயே பழக்குங்கள்: “அப்பா இறந்துவிட்டார், அம்மா வேலைக்குப் போகிறார்.” தடுமாறாமல் சொன்னால் கேட்ட பிள்ளைகள் விளையாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அப்பா பெயர் இல்லாமல் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் கிடைக்குமோ என்று தயங்காதீர்கள்; பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். 2016 டிசம்பரிலேயே விதி மாறிவிட்டது.